பெருவுக்குப் போன நீதிபதிகள், ஒரு சதவீத ஆபத்து: காலநிலை வழக்கில் அறிவியல் சாட்சி சொன்னால் என்ன நடக்கும்?

30 ஆண்டுகளில் 1 சதவீதம். ஏறக்குறைய 10 ஆண்டுகள் நடந்த ஒரு வழக்கின் முடிவு கடைசியில் இந்த ஒரு எண்ணில்தான் வந்து நின்றது.

2025 மே 28-ம் தேதி, ஜெர்மனியின் ஹாம் மேல் நீதிமன்றம் பெரு நாட்டு விவசாயி சவுல் லூசியானோ லியுயாவின் மனுவைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டுக்கும் அனுமதி தரவில்லை. கேஸ் அத்தோடு முடிந்தது. ஆனால், தோற்றுப்போன தரப்பு அன்று அந்தத் தீர்ப்பை 'மைல்கல்' என்றது. ஜெயித்த மின் நிறுவனமான ஆர்.டபிள்யூ.இ.யோ, இப்படி ஒரு பொறுப்பை ஜெர்மன் சட்டம் அனுமதிக்கவே இல்லை என்ற தன் பழைய நிலைப்பாட்டைத் திரும்பச் சொன்னது.

தோற்றவருக்கு எதற்கு மகிழ்ச்சி, ஜெயித்தவருக்கு எதற்கு நெருடல்? இதைப் புரிந்துகொள்ள சட்டப் புத்தகம் மட்டும் போதாது. பனிப்பாறை ஆய்வாளர், பழைய நிறுவனக் கணக்குகளைத் தோண்டிய ஆராய்ச்சியாளர், பொறியாளர், வரலாற்றாசிரியர் என்று பல துறைக்காரர்களும் இந்தக் கேஸில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் சரியான பதிலைத்தான் சொன்னார்கள். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொருவரும் பதில் சொன்ன கேள்வி வேறு வேறு.

ஏரியும் நகரமும்

லியுயா விவசாயி மட்டுமல்ல, மலையேற்ற வழிகாட்டியும்கூட. ஊர், ஆண்டீஸ் மலைத்தொடரில் உள்ள ஹுவாராஸ். நகரம் சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே, 4,500 மீட்டருக்கும் அதிக உயரத்தில் பல்காகோச்சா என்ற ஏரி. பனிப்பாறை தள்ளிக்கொண்டு வந்து குவித்த மண்ணும் கல்லும்தான் இதற்கு இயற்கையாக அமைந்த கரை.

1941 டிசம்பர் 13-ம் தேதி அந்தக் கரை உடைந்தது. ஹுவாராஸின் ஒரு பகுதியே அடித்துச் செல்லப்பட்டது. குறைந்தது 1,800 பேர் இறந்தார்கள். உடைப்புக்குப் பிறகு ஏரியில் மிஞ்சியது சுமார் 5 லட்சம் கன மீட்டர் தண்ணீர். மேலே உள்ள பனிப்பாறை உருகிப் பின்வாங்கப் பின்வாங்க, ஏரி மறுபடி நிரம்பியது. 2009-ல் அளந்தபோது கிட்டத்தட்ட 1.7 கோடி கன மீட்டர், அதாவது 34 மடங்கு.

நம்ம ஊர் கணக்கில் சொன்னால் 0.6 டி.எம்.சி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவில் ஆறில் ஒரு பங்குதான். ஆனால், செம்பரம்பாக்கம் சென்னைக்கு ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

பக்கத்து வீட்டு மரக்கிளை

2015 நவம்பரில் லியுயா, ஆர்.டபிள்யூ.இ. தலைமையகம் இருக்கும் எஸ்ஸன் நகர நீதிமன்றத்தில் வழக்கு போட்டார். ஜெர்மன்வாட்ச் என்ற அமைப்பு துணை நின்றது. வழக்கறிஞர் ரோடா பெர்ஹையன். அந்த நிறுவனத்துக்குப் பெருவில் ஒரு மின் நிலையம்கூடக் கிடையாது.

அவர்கள் கையில் எடுத்தது புதிய காலநிலைச் சட்டம் எதையும் அல்ல. 1900 முதல் அமலில் உள்ள ஜெர்மன் சிவில் சட்டத்தின் 1004-வது பிரிவு. உங்கள் சொத்துக்கு ஒருவர் இடையூறு செய்தால், அதை அகற்றச் சொல்லி நீங்கள் கேட்கலாம் என்கிறது அது. பக்கத்து வீட்டு மரக்கிளை நம் ஓட்டு மேல் சாய்ந்தால் வரும் சண்டை இருக்கிறதே, அந்த ரகச் சட்டம். இங்கே 'பக்கத்து வீடு' ஒரு பெருங்கடலைத் தாண்டி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேட்ட தொகையும் பெரியது இல்லை. ஏரியின் வெள்ளத் தடுப்புப் பணிகளுக்கு ஆகும் செலவில் 0.47 சதவீதம், சுமார் 17,000 யூரோ. இன்றைய மதிப்பில் ரூ.15 லட்சத்துக்கு மேல். நிறுவனம் நினைத்திருந்தால் அன்றே செக் எழுதிக் கொடுத்து முடித்திருக்கலாம். ஆனால், கொடுத்தால் அடுத்து யார் யாரெல்லாம் வந்து நிற்பார்கள் என்பதுதான் கேள்வியே.

எஸ்ஸன் நீதிமன்றம் 2016 டிசம்பரில் மனுவைத் தள்ளுபடி செய்தது. உலகில் கோடிக்கணக்கானோர் புகை விடுகிறார்கள். அதில் ஒருவர் விட்ட புகைக்கும் ஒரு குறிப்பிட்ட ஏரிக்கும் நேர்கோடு போட முடியாது என்பது அதன் வாதம். 2017 நவம்பரில் ஹாம் மேல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 'சரி, ஆதாரத்தைப் பார்க்கலாம்' என்றது. காலநிலை மாற்றத்துக்காக ஒரு தனியார் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு சாட்சிய விசாரணை வரை போவது அப்போது யாரும் எதிர்பார்க்காத விஷயம்.

0.47 எங்கிருந்து வந்தது?

வழக்கறிஞர்கள் குத்துமதிப்பாகப் போட்ட எண் இல்லை இது. ரிச்சர்ட் ஹீடே என்ற அமெரிக்க ஆய்வாளர் பல ஆண்டுகள் செய்த வேலையிலிருந்து வந்தது. அவர் நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் நிறுவனங்களின் பழைய ஆண்டறிக்கைகளைத் தேடித் தேடி எடுத்தார். எந்த நிறுவனம் எந்த ஆண்டு எத்தனை டன் நிலக்கரி தோண்டியது, எவ்வளவு எண்ணெய் எடுத்தது, எவ்வளவு சிமென்ட் உற்பத்தி செய்தது என்று 1854 வரை பின்னோக்கிப் போனார். ஒவ்வொரு டன்னையும் கார்பன் டை ஆக்சைடாகவும் மீத்தேனாகவும் மாற்றிக் கணக்குப் போட்டார். 2013-ல் வெளியான அந்த ஆய்வின்படி, தொழிற்புரட்சிக் காலம் முதல் 2010 வரை வெளியான தொழில்துறை உமிழ்வில் 63 சதவீதம் வெறும் 90 உற்பத்தியாளர்களின் பொருட்களிலிருந்து வந்தது. அந்தப் பட்டியலில் ஆர்.டபிள்யூ.இ.யும் ஒன்று.

பார்க்க இது சாதாரணக் கூட்டல் கணக்கு மாதிரிதான் தெரியும். ஆனால், அதற்குள்ளேயே ஒரு சட்டக் கேள்வி ஒளிந்திருக்கிறது. நிலக்கரியைத் தோண்டியவர், அதை எரித்தவர், அந்த மின்சாரத்தில் ஏ.சி. போட்டவர், அனுமதி கொடுத்த அரசு... உமிழ்வை யார் பெயரில் எழுதுவது? ஹீடே தோண்டியவர் பெயரில் எழுதினார். வேறொரு ஆய்வாளர் பயன்படுத்திய நாட்டின் பெயரில் எழுதலாம். அதற்கும் நியாயம் உண்டு. ஐ.நா. பேச்சுவார்த்தைகளில் கணக்கு நாடுகள் வாரியாகத்தான் போகிறது. கணக்கு போடும் முறையைத் தேர்ந்தெடுக்கும்போதே, கூண்டில் யாரை நிறுத்துவது என்பதில் பாதி முடிவாகிவிடுகிறது.

மனிதர்கள் புகை விடாத பூமி

அடுத்த கண்ணி பனிப்பாறை. அது உருகியது உண்மை. மனிதர்களால்தான் உருகியதா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் துறையை 'அட்ரிபியூஷன் சயின்ஸ்' என்கிறார்கள். ஒரு விளைவில் மனிதர்களால் வந்தது எவ்வளவு, இயற்கையால் வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் அறிவியல்.

இருப்பது ஒரே ஒரு பூமி. சோதித்துப் பார்க்க இன்னொன்று கிடையாது. அதனால் கணினியில் இரண்டு பூமிகளை ஓட்டுகிறார்கள். ஒன்றில் நடந்தது நடந்தபடி. இன்னொன்றில் எரிமலை உண்டு, சூரிய மாற்றங்கள் உண்டு, ஆனால் மனிதர்கள் விட்ட புகை மட்டும் இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நம்முடைய பங்கு.

பல்காகோச்சாவுக்கு இந்தக் கணக்கை ஆக்ஸ்ஃபோர்டு, வாஷிங்டன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் போட்டார்கள். 2021-ல் 'நேச்சர் ஜியோசயின்ஸ்' இதழில் முடிவு வந்தது. 1880 முதல் அந்தப் பகுதியில் ஏறிய சுமார் 1 டிகிரி வெப்பத்தில் 95 சதவீதம் மனிதச் செயல்பாட்டால் வந்தது. அங்குள்ள பனிப்பாறை பின்வாங்கியதை இயற்கையான ஏற்ற இறக்கத்தால் மட்டும் விளக்க முடியாது என்பதற்கான வாய்ப்பு 99 சதவீதத்துக்கும் மேல்.

வழக்குக்கு இதைவிட வலுவான ஆதாரம் கிடைக்குமா? கிடைக்காது. ஆனால் கடைசி வரை நீதிமன்றம் இந்தக் கட்டத்தையே எட்டவில்லை.

வீடா, ஊரா?

ஹாம் நீதிமன்றம் சாட்சியத்தை இரண்டு படிகளாகப் பிரித்தது. முதல் படி: லியுயாவின் வீட்டுக்கு உண்மையிலேயே ஆபத்து நெருங்கி இருக்கிறதா? 'ஆம்' என்றால் மட்டும் இரண்டாம் படி: அந்த ஆபத்தில் ஆர்.டபிள்யூ.இ.யின் பங்கு என்ன?

கொரோனாவால் தள்ளிப்போன ஆய்வு 2022 மே மாதம் நடந்தது. ஜெர்மன் நீதிபதிகளும் நீதிமன்றம் நியமித்த நிபுணர்களும் பெருவுக்கே போய் வீட்டையும் ஏரியையும் பார்த்தார்கள். 2025 மார்ச்சில் விசாரணை. அடுத்த 30 ஆண்டுகளில் அந்த வீடு வரை வெள்ளம் வந்து சேரும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம் என்று நிபுணர் கருத்து சொன்னார். அப்படியே வந்தாலும் வீட்டருகே தண்ணீர் சில சென்டிமீட்டர் உயரம்தான் இருக்கும், சுவருக்குச் சேதம் வராது. முதல் படியிலேயே வழக்கு விழுந்தது.

1 சதவீதம் என்றால் சின்னதா? இதில் பலரும் குழம்புகிறார்கள். ஜெர்மன் சட்டப்படி வெள்ள அபாயப் பகுதி என்று அறிவிக்கப் பயன்படுவது '100 ஆண்டுக்கு ஒருமுறை' வரும் வெள்ளம். அதாவது ஆண்டுக்கு 1 சதவீதம். 30 ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் அது 26 சதவீதம் ஆகிவிடும். இங்கே சொல்லப்பட்டதோ மொத்த 30 ஆண்டுக்கும் சேர்த்தே 1 சதவீதம். அந்த அளவுகோலில் பார்த்தால், நீதிமன்றம் 'நெருங்கிய ஆபத்து இல்லை' என்றதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

அப்படியானால் சண்டை எங்கே? அந்த 1 எப்படி வந்தது என்பதில். அந்த மலைத்தொடரில் முன்பு நடந்த பனிச்சரிவுகளின் பதிவுகளை அடிப்படையாக வைத்தார் நீதிமன்ற நிபுணர். மனுதாரர் தரப்பு நிபுணர் இதை எதிர்த்தார். மலை உச்சிப் பாறைகளைப் பசை போல ஒட்டிவைத்திருப்பது உள்ளே உறைந்திருக்கும் பனி. வெப்பம் ஏறினால் அது இளகும், பாறை பெயரும், ஏரியில் விழும். கடந்த காலப் பதிவை வைத்து எதிர்காலத்தைக் கணித்தால் இந்த மாற்றமே கணக்கில் வராதே என்பது அவர் தரப்பின் கேள்வி. நீதிமன்றம் தன் நிபுணரின் பக்கம் நின்றது.

காலநிலை மாற்றத்தைப் பற்றிய ஒரு வழக்கில், காலநிலை மாறும் என்பதை ஆபத்துக் கணக்கில் எவ்வளவு சேர்ப்பது என்பதே தீராத விவாதமாக நின்றது. இந்த வழக்கில் மிக நெருடலான இடம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. ஏரி உடைந்தால் ஆபத்துப் பகுதியில் இருப்பவர்கள் சுமார் 50,000 பேர் என்கின்றன வெள்ள ஆய்வுகள். அவை ஊரைப் பற்றிப் பேசுகின்றன. 1004-வது பிரிவோ சொத்துரிமைச் சட்டம். அதற்குத் தெரிவது மனுதாரரின் ஒரே ஒரு வீடு. ஆற்றை ஒட்டிய வீட்டுக்காரர் யாராவது மனு போட்டிருந்தால் வேறு எண் வந்திருக்கலாம். எந்தச் சட்டப் பிரிவில், யார் பெயரில் வழக்கு போடுவது என்று தீர்மானிக்கும்போதே வெள்ள வரைபடத்தைத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம்.

சரி, தோற்ற தரப்பு எதற்குச் சந்தோஷப்பட்டது? இரண்டாம் படிக்குப் போகாவிட்டாலும் சட்டக் கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. ஆபத்து மட்டும் நிரூபணமானால், பெரிய உமிழ்வாளரைத் தடுப்பு நடவடிக்கை எடுக்கச் சொல்லலாம். மறுத்தால், செலவு ஏற்படும் முன்பே உமிழ்வுப் பங்குக்கு ஏற்ப அவர் பணம் கட்ட வேண்டும் என்று அறிவிக்கலாம். மின் நிலையத்துக்கு அரசு அனுமதி இருந்தது, பெரு ரொம்பத் தூரம் என்ற இரண்டு வாதங்களும் எடுபடவில்லை.

மழையைத் தடுத்த கருவி

பணம் கிடைத்து, பொறியாளர்கள் வந்து கருவி பொருத்தினால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? அதே மலைத்தொடரில் உள்ள '513' என்ற எண் பெயர் கொண்ட ஏரியைப் பார்க்கலாம். 2010 ஏப்ரலில் பனியும் பாறையும் அதில் சரிந்து, கீழே கார்ஹுவாஸ் பகுதியில் வெள்ளம் வந்தது. அதன் பிறகு சுவிட்சர்லாந்து உதவியுடன் நவீன முன்னெச்சரிக்கை அமைப்பு நிறுவப்பட்டது. 2016 நவம்பரில், கடும் வறட்சியின் நடுவே, உள்ளூர் மக்கள் திரண்டு போய் அதைப் பிடுங்கி எறிந்தார்கள். அந்தக் கருவிகள்தான் மழையைத் தடுக்கின்றன என்று நம்பினார்கள்.

'அறியாமை' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சுலபம். ஆனால், அந்த மக்களுக்கு நிபுணர்களுடன் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 2003 ஏப்ரலில், பல்காகோச்சாவுக்கு மேலே பனிப்பாறையில் விரிசல் தெரிவதாக நாசா செயற்கைக்கோள் படத்தை வைத்து எச்சரித்தது. ஹுவாராஸில் பீதி பரவியது, சுற்றுலாப் பயணிகள் வருகை விழுந்தது. கடைசியில் அப்படி ஒரு ஆபத்தே இல்லை.

1941-க்குப் பிறகு ஆற்றோரம் வீடு கட்டக் கூடாது என்று நிபுணர்கள் சொன்னபோதும் நகர மக்கள் ஏற்கவில்லை. அமெரிக்க வரலாற்றாசிரியர் மார்க் கேரி இந்தப் பகுதியின் பனிப்பாறை வரலாற்றை 2010-ல் ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். நிலம், அந்தஸ்து, அரசு மீதான சந்தேகம் எல்லாம் சேர்ந்துதான் யார் எங்கே வசிக்கிறார்கள் என்பதைத் தீர்மானித்தன என்று அதில் காட்டுகிறார். வெள்ள வரைபடத்தில் தண்ணீர் எங்கே போகும் என்பது இருக்கும். மனிதர்கள் ஏன் அங்கேயே இருக்கிறார்கள் என்பதற்கு ஊருக்குள் போய்ப் பேச வேண்டும், பழைய ஆவணங்களைப் படிக்க வேண்டும்.

எவ்வளவு நிரூபித்தால் போதும்?

அறிவியலும் சட்டமும் முட்டிக்கொள்ளும் இன்னொரு இடம், 'உறுதி' என்ற சொல். ஆய்வுக் கட்டுரையில் 95 சதவீத உறுதி இல்லாமல் ஒரு விஷயத்தைச் சொல்ல விஞ்ஞானிகள் தயங்குவார்கள். ஆனால் இந்தியா, இங்கிலாந்து போன்ற நாடுகளின் சிவில் வழக்குகளில் 'இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம்' என்ற அளவு போதும். எளிமையாகச் சொன்னால் 50 சதவீதத்தைத் தாண்டினால் சரி.

தத்துவவியலாளர் எலிசபெத் லாயிட், அறிவியல் வரலாற்றாசிரியர் நவோமி ஒரெஸ்கஸ், காலநிலை விஞ்ஞானி சோனியா செனவிரத்ன, சட்டப் பேராசிரியர் எட்வர்ட் லார்சன் ஆகிய நான்கு பேர் 2021-ல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். விஞ்ஞானிகள் ஆய்வகப் பழக்கத்தை அப்படியே கோர்ட்டுக்கும் கொண்டு வந்து, தேவைக்கு மேல் உயரத்தில் கயிறு கட்டித் தாண்டப் பார்க்கிறார்கள் என்பது அதன் சாரம். நான்கு துறைக்காரர்கள் ஒரே மேஜையில் உட்காராமல் இந்தக் கேள்வி எழுந்திருக்கவே வாய்ப்பில்லை.

மறுபக்கமும் சளைத்ததில்லை. அதே ஆண்டு இன்னொரு ஆய்வுக் குழு 14 நீதிமன்ற வரம்புகளில் நடந்த 73 காலநிலை வழக்குகளை எடுத்துப் படித்தது. பெரும்பாலானவற்றில் வழக்கறிஞர்கள் கொடுத்த அறிவியல் ஆதாரம் அன்றைய ஆய்வு நிலையைவிடப் பின்தங்கியிருந்தது.

சென்னைக்கு வந்த பதில்

இந்தியாவில் இதற்கான கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து பாதுகாப்புப் பெறுவது, அரசமைப்புச் சட்டத்தின் 14, 21-வது பிரிவுகளின் கீழ் வரும் உரிமை என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கானமயில் பறவைகளையும் மின் கம்பிகளையும் பற்றிய வழக்கில்தான் அந்தத் தீர்ப்பு வந்தது.

ஆனால், உரிமை இருப்பது வேறு, 'இந்த நஷ்டத்துக்கு இவர்தான் காரணம்' என்று நிறுவுவது வேறு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை எடுத்துக்கொள்வோம். அந்தக் கனமழையை இதே அட்ரிபியூஷன் முறையில் சர்வதேசக் குழு ஒன்று ஆராய்ந்து 2016-ல் முடிவை வெளியிட்டது. புவி வெப்பமடைதலின் தாக்கம் அந்த மழையில் கண்டறியப்படவில்லை என்பது பதில். காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் பசுங்குடில் வாயுக்களின் விளைவை இதுவரை ஈடுகட்டி மறைத்திருக்கலாம் என்றது அந்த ஆய்வு. இன்னொரு பக்கம், செம்பரம்பாக்கத்திலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்ட விதத்தைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018-ல் கடுமையாக விமர்சித்தது.

அன்று வீடு மூழ்கிய ஒருவர் கேஸ் போட நினைத்திருந்தால், நிலக்கரி நிறுவனத்தை நோக்கிப் போகும் பாதை அறிவியல் கட்டத்திலேயே அடைபட்டிருக்கும். ஏரிக் கதவைத் திறந்தவர்களை நோக்கிப் போகும் பாதை மட்டும் மிஞ்சியிருக்கும். 'எல்லாத்துக்கும் கிளைமேட் சேஞ்ச்தான் காரணம்' என்று ஒரு நிர்வாகம் கை கழுவப் பார்த்தால், அதைத் தடுக்கவும் இதே அறிவியல் உதவும் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

அடுத்து ஒரு தீவு

ஹீடேயின் கணக்கு முறை இப்போது இன்னொரு நீதிமன்றத்தில் நிற்கிறது. இந்தோனேசியாவின் பாரி என்ற சின்னத் தீவில் வசிக்கும் நான்கு பேர், ஹோல்சிம் சிமென்ட் நிறுவனத்தின் மீது சுவிட்சர்லாந்தின் சூக் நகரில் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். உலகத் தொழில்துறை கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் அந்த நிறுவனத்தின் பங்கு 0.42 சதவீதம் என்பது அவர்கள் முன்வைக்கும் எண். நான்கு பேரும் சேர்ந்து கேட்கும் இழப்பீடு 15,000 சுவிஸ் பிராங்குக்கும் குறைவு.

ஹுவாராஸுக்கும் பாரிக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. ஹுவாராஸில் வெள்ளம் இனி வரலாம் என்றார்கள். பாரியில் கடல் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்து போயிருக்கிறது.